எண்களுக்கு ஏவல் சொன்ன சீமாட்டி

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்பது கடினம் என்று ஒருமுறையேனும் சலித்துக்கொள்ளாத மாணவர் நம்மிடையே எவருமிலர். கணக்கு புரிகிறது, விடையும் தெரிகிறது. ஆனால் அதை ஒரு படியும் விடாமல், தன்னறிவு சிறிதுமில்லாத ஓர் இயந்திரத்துக்குச் சொல்லவேண்டும் என்றால் கை நின்றுவிடுகிறது. இந்தத் துன்பத்தை முதன்முதலில் பட்டவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு. அவர் பட்ட காலத்தில் கணிப்பொறி என்ற ஒன்றே உலகில் இல்லை என்பதுதான் வியப்பு! அவர்தாம் அடா லவ்லேஸ் சீமாட்டி.

1815 டிசம்பர் 10 அன்று இலண்டன் மாநகரில் அடா பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் பெற்றோர் பிரிந்தனர். 1816இல் இங்கிலாந்தை விட்டுச் சென்ற பைரன் திரும்பவேயில்லை. 1824இல் கிரேக்க நாட்டில் மாண்டார். தாயார் அனபெல்லா கணிதத்தில் ஈடுபாடுடையவர். தந்தையின் கட்டுக்கடங்காத குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி, இளமையிலேயே ஆசிரியர்களை வைத்துக் கணிதம் பயிற்றுவித்தார். கவிதைக்கு மருந்து கணிதம் என்று அந்த அம்மையார் எண்ணினார் போலும்! 1829இல் தட்டம்மை கண்டு கால்கள் வலுவிழந்தன. நெடுநாள் படுக்கையிலும், பின்னர் ஊன்றுகோல்களோடும் கழிந்தது அடாவின் இளமை.

1833இல், தம் பதினேழாம் வயதில், சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதையைச் சந்தித்தார். பற்சக்கரங்களால் கணக்கிடும் ஓர் இயந்திரத்தின் சிறு பகுதி பாபேஜின் இல்லத்தில் இருந்தது. விருந்துக்கு வந்தோர் அதை வேடிக்கை பார்த்துச் சென்றனர். அடாவோ அது இயங்கும் விதத்தை அறிய முற்பட்டார். அடுத்த ஆண்டே பாபேஜ் அதனினும் பெரிய கனவு ஒன்றைக் காணத் தொடங்கினார். எந்தக் கணக்கையும் செய்யும் இயந்திரம். அதற்குக் கட்டளையிடத் துளையிட்ட அட்டைகள். அந்த அட்டைகள் ஜக்கார்டு தறியிலிருந்து கடன் வாங்கியவை. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியின் மேல் தொங்கும் அட்டைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

1835இல் திருமணம், 1839க்குள் மூன்று குழந்தைகள். இந்நிலையில், 1840இல், உயர்கணிதத்தை முறையாகக் கற்க அடா முனைந்தார். அதற்கு வாய்த்த ஆசிரியர் யார் தெரியுமா? நம் தர்க்கக் கணிதப் பாடத்தில் டி மார்கன் விதிகள் வருகின்றனவே, அந்த அகஸ்டஸ் டி மார்கன்! 1806இல் நம் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து சென்றவர் அவர். பாடம் பெரும்பாலும் கடிதங்கள் வழியே நடந்தது. டி மார்கன் எழுதிய நுண்கணித நூலே பாடநூல்.

அந்தக் கடிதங்கள் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இன்றும் உள்ளன. கற்றலின் வேதனை அவற்றில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. ஒரு கோவையை வேறொரு வடிவில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான் என்று காண அடா திணறுகிறார். இப்போது ஓர் உருவிலும் மறுகணம் வேறோர் உருவிலும் வந்து நிற்கும் குறும்புத் தேவதைகளோடு இந்தக் குறியீடுகளை ஒப்பிடுகிறார். ஒருவகைச் சமன்பாடுகள், பிடிக்கப்போனால் விலகிப்போகும் கொள்ளிவாய்ப் பிசாசாக அவருக்குத் தோன்றின. இந்தத் தடுமாற்றங்களைக் காட்டி, அவருக்குக் கணிதமே தெரியாது என்று பிற்காலத்தார் சிலர் எழுதினர். முதலாண்டு நோட்டுப் புத்தகத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நம்மில் தேறுபவர் எத்தனை பேர்? ஆசிரியரின் கணிப்பு வேறாக இருந்தது. 1844இல் அடாவின் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், தொடக்கநிலையில் இத்தகைய ஆற்றலைத் தாம் பிறரிடம் கண்டதில்லை என்னும் கருத்தை டி மார்கன் தெரிவித்தார். கூடவே, இவ்வளவு சிந்தனைச் சுமையைப் பெண்ணுடல் தாங்காதே என்றும் கவலைப்பட்டார்! மேதைகளும் தம் காலத்தின் அறியாமைக்கு அப்பாற்பட்டவர் அல்லர்.

1842இல் இத்தாலியப் பொறியாளர் மெனாபிரியா, பாபேஜின் இயந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சொந்தமாகவும் எழுதலாமே என்று பாபேஜ் தூண்ட, குறிப்புகள் எழுதப் புகுந்தார். குறிப்புகள் மூலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக வளர்ந்தன! 1843இல் அவை வெளியானபோது பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.

கடைசிக் குறிப்பில்தான் நமக்குரிய செய்தி இருக்கிறது. பெர்னூலி எண்களை இயந்திரமே கணக்கிடுமாறு படிப்படியாகக் கட்டளைகளை ஓர் அட்டவணையில் வகுத்தார். சூத்திரம் முன்பே உண்டு. அதற்கான இயற்கணிதத்தைப் பாபேஜ் அனுப்பியிருந்தார். அதில் ஒரு பெரும் பிழையைக் கண்டு அடா திருப்பி அனுப்பியதைப் பாபேஜே பின்னாளில் எழுதி வைத்தார். ஆனால் சூத்திரத்தைக் கட்டளையாக்குவது வேறு வேலை. எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது, ஒவ்வொரு செயலுக்கும் பிறகு எந்த இடத்தின் மதிப்பு மாறியது, எது மாறவில்லை என்பதையெல்லாம் கணக்கு வைக்கவேண்டும். ஓர் இடத்தின் மதிப்பு எத்தனை முறை மாறியது என்பதைக் காட்ட அதன் தலையில் ஓர் எண்ணையே எழுதினார். பதின்மூன்றாம் செயல்முதல் இருபத்துமூன்றாம் செயல்வரை திரும்பச் செய்க என்று ஒரு வரியில் குறித்தார். இன்று நாம் சுழற்சி என்று பயில்வது அதுவே. 1843 கோடையில் இந்த வேலை அவரைச் சேற்றில் சிக்கியவர்போல் தவிக்கவைத்தது. உடல்நலமும் சீராக இல்லை. ஆயினும் விடவில்லை.

அத்தனை உழைப்புக்குப் பின்னும் அச்சான அட்டவணையில் ஒரு பிழை நின்றுவிட்டது. நான்காம் செயலில், நான்காம் இடத்து எண்ணை ஐந்தாம் இடத்து எண்ணால் வகுக்கவேண்டும். அட்டவணையில் அது தலைகீழாக உள்ளது. விளைவைக் காட்டும் பத்தியில் மட்டும் சரியாக இருக்கிறது! எழுதியவரின் பிழையா, அச்சுக் கோத்தவரின் பிழையா என்று சொல்வதற்கில்லை. இயந்திரம் இருந்திருந்தால் ஒருமுறை ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லாமல் எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

உலகின் முதல் நிரலாளர் என்று அவரைப் புகழ்வர். பாபேஜும் முன்னரே சிறு கட்டளைத் தொடர்களை எழுதியிருந்ததால் அந்தப் பட்டம் வாதத்துக்குரியது. ஆனால் எண்களோடு நில்லாமல் இசையையும் விதிப்படி இயற்ற இத்தகைய இயந்திரத்தால் இயலக்கூடும் என்று அன்றே கண்டவர் அடா. அதே மூச்சில், நாம் சொல்லத் தெரிந்ததை மட்டுமே அது செய்யும், தானாக எதையும் தோற்றுவிக்காது என்று எல்லையும் வகுத்தார். 1950இல் ஆலன் டூரிங் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு எதிர்வாதம் செய்தார்.

எஞ்சிய ஆண்டுகள் இனிமையானவை அல்ல. குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்தார், நகைகள் அடகுக்குப் போயின, புற்றுநோய் பற்றியது. 1852 நவம்பர் 27 அன்று மறைந்தபோது வயது முப்பத்தாறு. தந்தை மாண்டதும் அதே வயதில்தான். அவர் விருப்பப்படி, நினைவறிந்து முகம் பார்த்திராத அந்தத் தந்தையின் அருகிலேயே ஹக்னல் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். பாபேஜ் தம் பெரிய இயந்திரத்தைக் கட்டி முடிக்காமலே 1871இல் இறந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய நிரல்மொழிக்கு அடா என்று பெயரிட்டு, 1980இல் அதன் தர ஆவணத்துக்கு அவர் பிறந்த ஆண்டான 1815ஐயே எண்ணாக வழங்கியது.