தோட்டத் தொழிலாளர் தலைவர் பி. பி. நாராயணன்

நெகிரி செம்பிலானில் கடை வைத்துப் பிழைத்த நம்மவர்கள் பி. பி. நாராயணன் அவர்களை மறந்திருக்க நியாயமில்லை. சிரம்பான், ரந்தாவ், போர்ட் டிக்சன், பகாவ் வட்டாரங்களில் நம் கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே நடந்தன. பால்மரம் வெட்டுகிறவர் கையில் காசு இருந்தால்தான் நம் கல்லாவிலும் காசு இருக்கும். அந்தக் காசுக்காக வாதாடியவரின் வரலாற்றை வியாபாரிகளாகிய நாமும் அறிவது நல்லது.

அன்னார் 1923-ம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். இளவயதிலேயே மலாயா வந்து சேர்ந்தார். ஜப்பானியர் போன பிறகு தோட்டங்களில் பசியும் நோயும் மிகுந்திருந்தன. அந்நாளில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் இவர் ஒருவர். 1948-ல் அவசரகாலச் சட்டம் வந்தது. பல சங்கங்கள் கலைந்தன; தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர், நாடு கடத்தப்பட்டனர். சங்கம் என்ற சொல்லுக்கே தொழிலாளர் அஞ்சிய காலம் அது. இவரோ சட்டத்துக்கு உட்பட்டே பேசலாம், கேட்கலாம், பெறலாம் என்று அவர்களுக்குத் தைரியம் ஊட்டினார்.

மலாயாத் தொழிற்சங்கக் காங்கிரசின் முதல் தலைவரும் இவரே. 1954-ல் தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதை நடத்தும் பொறுப்பு இவருக்கு வந்தது. ரப்பர் விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று துரைமார் சங்கத்தாரோடு மேசையில் அமர்ந்து ஒப்பந்தம் செய்தார். 1962-ல் மக்சேசே விருது கிடைத்தது. 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அகில உலகச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தார்.

இத்தனை பெருமைக்கு நடுவே ஒரு பெரிய வேதனையும் அவர் காலத்தில் நடந்தது. 1957-ல் வெள்ளைக்காரன் கொடி இறங்கியது. குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே வசித்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்றும், முதல் ஓராண்டுக்கு மலாய் மொழிச் சோதனை இல்லை என்றும் புதிய சட்டம் இடம் தந்தது. தோட்டத்து மக்களில் அநேகர் மனுச் செய்யவில்லை. ஊருக்குத் திரும்புவோம் என்ற நினைப்பு சிலருக்கு, கையில் பத்திரம் இல்லாத குறை சிலருக்கு, எழுத்தறியாமை பலருக்கு. அவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை பார்க்க இனி பெர்மிட் வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. ஒரே வீட்டில் பிள்ளை மெர்டேக்காவுக்குப் பிறகு பிறந்த குடிமகன். தகப்பனோ பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் அந்நியன். மனு ஏற்கப்படுமா, தள்ளப்படுமா என்பது ஆபீசில் இருப்பவர் பேனாவில் இருந்தது. சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினார்கள். முப்பது வருஷம் பால் வெட்டியவர்களும் பெட்டி கட்டினார்கள். நாகப்பட்டினம் போகும் ரஜுலா கப்பல் அந்நாளில் கண்ட கண்ணீர் கொஞ்சமல்ல. கடைப் பற்றைப் பைசல் செய்துவிட்டே கப்பலேறிய ஏழைகளைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கூலியை உயர்த்திக் காட்டிய சங்கத்தாலும் இந்தப் போக்கைத் தடுக்க முடியவில்லை. ஒப்பந்தம் கூலியைக் காக்கும். அட்டை இல்லாதவரை யார் காப்பது? இதை நாராயணன் அவர்களின் குறையாக நாம் எண்ணவில்லை. ஒரு தலைவரின் கைக்கு எட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் அவனவன் காரியத்தை அவனவன்தான் கவனிக்க வேண்டும்.

1996-ல் அவர் காலமானார். அவர் நடத்திய சங்கம் இன்றும் இருக்கிறது. தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டன. ஆனால் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் அல்லாடுகிறவர்கள் நம் இந்திய மக்களில் இன்னும் உண்டு.

சகோதரர்களே, நாலு எழுத்துத் தெரிந்தவர் என்று நம்மை நம்பிக் கடைக்குக் கடிதம் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சாமான் கட்டிக் கொடுக்கும்போதே பிள்ளையின் பிறப்பைப் பதிந்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்போம். தேவையானால் பாரத்தையும் நிரப்பிக் கொடுப்போம். நமக்குச் செலவு ஒரு காகிதமும் கால் மணி நேரமும்தான். அன்று கப்பலேறிய பலருக்கு அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லாமற் போயிற்று.