களிம்புக்குள் கண்ட எழுத்து

பழங்காசு ஒன்றைக் கையிலெடுப்போர் முதலில் கேட்பது, அது பொன்னா, வெள்ளியா, செம்பா என்பதே. அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலர். பொன் வெள்ளிக்கு மாற்றுக் காண்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இந்த இரண்டாம் வினாவைக் கேட்டார். அதன் பயனாக, நெடுங்காலம் படிப்பாரற்றுக் கிடந்த பிராமி எழுத்து மீண்டும் பேசலாயிற்று. அவர்தாம் ஜேம்ஸ் பிரின்செப். நாற்பது ஆண்டுகளே வாழ்ந்த அவருடைய வரலாறு, எழுத்தை நேசிக்கும் நம் வட்டத்தார் அறிய வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் தொழிலும்

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப், இந்தியாவில் அவுரி வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர். இளமையிலேயே கைத்திறனும் ஓவியத்திறனும் வாய்த்திருந்த மகன் கட்டடக் கலை பயிலத் தொடங்கினார். ஆனால் கண்ணோய் குறுக்கிட்டது. நுண்ணிய வரைபட வேலையைக் கைவிட நேர்ந்தது. பின்னாளில், தேய்ந்த எழுத்துகளைக் கண்டறிந்து புகழ் பெற்ற கண்கள் அவை என்பது வியப்பிற்குரியது.

பின்னர் வேதியியலும் உலோகங்களுக்கு மாற்றுக் காணும் கலையும் கற்று, 1819இல் கல்கத்தா நாணயச் சாலைக்குப் பணியாற்ற வந்தார். விரைவிலேயே காசி நாணயச் சாலைக்கு அனுப்பப்பெற்றார். அங்கே பத்தாண்டுகள். அந்நகரின் வரைபடத்தை உருவாக்கினார். தேங்கிய நீரை வெளியேற்ற நிலத்தடி வடிகால் அமைத்தார். கர்மநாசை ஆற்றுக்குக் கற்பாலம் கட்டினார். ஔரங்கசீப் மசூதியின் தூபிகளைச் செப்பனிட்டார். உலைக்களத்தின் வெப்பத்தை அளக்கும் முறைபற்றிய ஆய்வினால் 1828இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். காசி நாணயச் சாலை 1830இல் மூடப்பட்டபின் கல்கத்தா திரும்பி, 1832இல் அங்குத் தலைமை மாற்றதிகாரி ஆனார். 1835இல் நடப்பிற்கு வந்த ஒரே சீரான வெள்ளி ரூபாய்க்காக வாதாடியவர்களுள் அவரும் ஒருவர்.

காசுகள் வந்த வழி

வங்காள ஆசியக் கழகத்தின் இதழை 1832இல் அவர் தொடங்கினார். இதழின் வழியே செய்தியும், செய்தியின் பின்னே காசுகளும் வரத் தொடங்கின. வென்சுரா என்னும் படைத்தலைவர் 1830இல் மாணிக்கியாலா தூபியை அகழ்ந்தெடுத்த பொருள்கள் அவரிடம் வந்தன. சார்லசு மாசன், காபூலுக்கு வடக்கேயுள்ள பெக்ராம் சமவெளியில் ஆயிரக்கணக்கான காசுகளைத் திரட்டினார். அங்கே ஆண்டுதோறும் கிடைத்த செப்புக்காசுகள் காபூல் நாணயச் சாலையிலும் கன்னார் பட்டறைகளிலும் உருக்கப்பட்டு வந்ததையும் மாசன் எழுதிவைத்தார். எத்தனை மன்னர்களின் பெயர்கள் அந்த உலைகளில் உருகிப் போயினவோ!

மண்ணிலிருந்து வரும் செப்புக்காசு பச்சைக் களிம்பு போர்த்தியே வரும். ஈரமும் உப்பும் பட்டுச் செம்பே களிம்பாக மாறுகையில், எழுத்தின் வடிவம் பல வேளைகளில் அக்களிம்பிலேயே தங்கிவிடுகிறது. அமிலமிட்டுத் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். ஆதலின் ஒரு காசைச் சுரண்டி உண்மையைப் பறிக்க முயல்வதைவிட, பல காசுகளை ஒப்பிடுவதே சிறந்த நெறியாகும். பிரின்செப்பின் வலிமை இதில்தான் இருந்தது. காசுகளை வரிசை வரிசையாக வரைந்து வெளியிட்டார். ஒன்றில் மழுங்கிய எழுத்தை அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றில் தேடினார். ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் கரோட்டியும் பொறித்த காசுகளில், கிரேக்கப் பெயர்களைத் துணைக்கொண்டு கரோட்டி எழுத்துகள் பலவற்றை இனங்கண்டார். இதற்கான முதற்குறிப்பை அளித்தவர் மாசனே.

தானம் எனும் சொல்

தில்லித் தூணின் எழுத்தைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோசு ஷா துக்ளக்கின் காலத்திலேயே படிப்பார் இல்லை. அவ்வெழுத்தின் பூட்டு 1837இல் திறந்தது. சாஞ்சித் தூபியின் கல்வேலியில் இருந்த சிறுசிறு பொறிப்புகளின் படிகள் பிரின்செப்பிடம் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். ஒவ்வொன்றும் ஒருவர் அளித்த கொடையைக் குறிக்கலாம் என்று ஊகித்தார். அவ்விரு எழுத்துகளுக்கு முன் நின்ற எழுத்து, சௌராட்டிரக் காசுகளில் ஆறாம் வேற்றுமை உருபாக அவர் முன்பே அறிந்திருந்த ஸ என்பதே. இன்னாருடைய தானம்! காசில் கற்றது கல்லில் உதவிற்று. நெடுநாள் ஊமையாய்க் கிடந்த எழுத்து முதலிற் சொன்ன சொல் கொடையைக் குறிக்கும் சொல்லாக அமைந்தது, கவிஞர்கள் எண்ணி மகிழத்தக்கது.

தூண்களில் பேசும் தேவானாம்பிரியர் இலங்கை மன்னர் ஒருவர் என்றே பிரின்செப் முதலிற் கருதினார். இலங்கையிலிருந்து பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், அவர் அசோகரே எனக் காட்டினார். தம் கருத்தைத் திருத்திக்கொள்ளப் பிரின்செப் தயங்கவில்லை. அடுத்து அவர் ஆராய்ந்த கிர்நார்ப் பாறையின் இரண்டாம் சாசனத்தில், அசோகரின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட நாட்டினராகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் குறிக்கப்பெற்றுள்ளனர். 

விளக்கு அணைந்தது

பகலில் நாணயச் சாலை, எஞ்சிய பொழுதெல்லாம் காசும் கல்லும் இதழும் என்றிருந்த உடல் தாங்கவில்லை. கடுந்தலைவலியில் தொடங்கிய நோய் மூளையைத் தாக்கியது. 1838இன் இறுதியில் கப்பலேறினார். நினைவு மீளாமலே 1840 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். ஊக்ளி ஆற்றங்கரையில் அவர் பெயரால் எழுந்த படித்துறை மண்டபம் இன்றும் நிற்கிறது.

அவர் திறந்த வழியில் வந்தோர் பலர். தமிழகக் குகைகளின் பிராமிக் கல்வெட்டுகள் தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு காட்டியது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் பெயர் அங்கும் ஒரு கொடையைச் சொல்லவே பொறிக்கப்பட்டுள்ளது.

முடிவாக ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, தன் ஊர் ஆற்றுமணலில் கிடைத்த சதுரச் செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தாள். எனக்குக் காட்டுவதற்காக முதல்நாள் இரவு புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்திருந்தாள். ஒருபுறம் மீன்போன்ற கோடு நிழலாய்த் தெரிந்தது, மறுபுறம் வெறுமை. பெருவழுதியின் பெயர் பொறித்த பாண்டியர் காசுகளிலும் ஒருபுறம் மீன்குறி உண்டு. மறுபுறம்தான் பெயர் இருக்கும். அவள் காசில் பெயர் இருந்ததா என்பதை இனி யாரும் அறிய இயலாது. பிழை அவளுடையதன்று. சங்க கால மன்னர்களின் பெயர்களை ஒப்புவிக்கச் செய்த நான், அப்பெயர் தாங்கிய காசை எவ்வாறு தொடவேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்பொழுதெல்லாம் ஆண்டுதோறும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: பழங்காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, களிம்போடு கொண்டுவாருங்கள். பிரின்செப்பின் கதையையும் அன்றே சொல்கிறேன்.