கடிகாரத்தைப் பார்த்துக் கதை எழுதியவர்!

காலை மணி இன்னும் ஐந்தரை ஆகவில்லை. லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்ற ஊர். குதிரைக்காரக் கிழவர் ஒருவர் காப்பியோடு வந்து எஜமானரை எழுப்புகிறார். இந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம்!

ஐந்தரைக்கு எஜமானர் மேஜை முன் உட்காருகிறார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்கிறார். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இதுதான் கணக்கு. எட்டரை மணிக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போகிறார். அதன் பிறகு தபால் இலாகா உத்தியோகம்.

இவர்தான் ஆந்தனி டிரோலப். 47 நாவல்கள் எழுதிய ஆங்கில நாவலாசிரியர். ஆனால் இவரும் ஒரு காலத்தில், எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தும், ஒரு கதையைக்கூடத் தொடங்க முடியாமல் தவித்தவர்!

ஏழைப் பையன்

டிரோலப் 1815-ல் லண்டனில் பிறந்தார். தந்தை வக்கீல். கோபக்காரர். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். விவசாயம் செய்து பார்த்தார். அதிலும் நஷ்டம்.

பையன் படித்ததோ பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். சேற்றுப் பாதையில் நடந்து, அழுக்கு உடையோடு போவான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். விளையாட்டில் சேர்க்கவில்லை. தனியே இருந்த பையன் மனத்துக்குள்ளேயே கதை கட்டினான். ஒரே கதையை மாதக்கணக்கில் வளர்த்துக்கொண்டே போவான்.

மருந்துப் புட்டியும் மைக்கூடும்

கடன் முற்றியது. 1834-ல் குடும்பம் பெல்ஜியம் நாட்டிலுள்ள புரூஜஸ் நகருக்கு ஓடியது. தந்தைக்கு நோய். அண்ணன் ஹென்றிக்குக் காசநோய். வீட்டில் வருமானம் இல்லை.

குடும்பத்தைக் காப்பாற்றியவர் தாய் பிரான்சஸ். அமெரிக்காவில் கடை வைத்து நஷ்டப்பட்டுத் திரும்பியவர் அவர். அங்கே கண்டதை எழுதி 1832-ல் புத்தகமாக வெளியிட்டார். அது நன்றாக விற்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்!

புரூஜஸில் நோயாளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து நாவல் எழுதினார். அந்த வீட்டில் மருந்துப் புட்டியும் மைக்கூடும் அருகருகே இருந்தன. அந்த டிசம்பரில் ஹென்றி இறந்தார். அடுத்த வருஷம் கணவரும் போனார். அழுதுகொண்டும் அந்த அம்மாள் எழுத்தை நிறுத்தவில்லை. விடியற்காலை 4 மணிக்கே எழுந்து எழுதுவது அவர் வழக்கம்.

வீணான வருஷங்கள்

19 வயதில் ஆந்தனி லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தா ஆனார். வருஷச் சம்பளம் 90 பவுன். நேரத்துக்கு வேலைக்குப் போகமாட்டார். கடன் வேறு. மேலதிகாரிகளிடம் கெட்ட பெயர்.

நாவல் எழுத வேண்டும் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. நாளை தொடங்கலாம், நாளை தொடங்கலாம் என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. தள்ளிப்போடுகிறோமே என்ற வெட்கம் மட்டும் தினமும் மனத்தைக் குத்தியது.

1841-ல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். புது ஊர் அவரைப் புது மனிதராக்கியது. வேலையில் சுறுசுறுப்பு வந்தது. 1843-ல் ஒரு நாள் நடந்து போகும்போது பாழடைந்த வீடு ஒன்றைக் கண்டார். இங்கே வாழ்ந்தவர்கள் யார்? எப்படி அழிந்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து முதல் நாவல் பிறந்தது.

அது 1847-ல் வெளிவந்தது. வாங்குவார் இல்லை. இரண்டாவது நாவலும் தோல்வி. மூன்றாவதற்குக் கிடைத்தது 20 பவுன்! ஆனாலும் அவர் மனம் தளரவில்லை.

ரயிலிலும் கப்பலிலும்

இங்கிலாந்தில் கிராமத் தபால் வழிகளைச் சீராக்கும் பணி வந்தது. நாள் முழுவதும் பிரயாணம். எழுத நேரம் எங்கே? ரயில் பெட்டியில் மடிமேல் அட்டையை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி ரோஸ் அதைப் பிறகு மையால் நகல் எடுத்தார். 1857-ல் வெளியான "பார்செஸ்டர் டவர்ஸ்" பெரும்பாலும் இப்படி எழுதப்பட்டதுதான்.

1858-ல் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் தபாலை எகிப்து வழியாக ரயிலில் அனுப்ப ஒப்பந்தம் பேசப் போனார். கடல் கொந்தளித்தது. வாந்தி எடுக்க ஓடுவார். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வார். எகிப்தில் ஒரு நாவல் முடிந்தது. மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார்!

இது எப்படி முடிந்தது? இரகசியம் ஒன்றும் இல்லை. முதல் அரைமணி நேரம், நேற்று எழுதியதைப் படிப்பார். கதையின் ஓட்டம் மனத்தில் ஏறிவிடும். பிறகு எழுதுவார். அன்று எத்தனை பக்கம் என்று நோட்டில் குறிப்பார். சோம்பி இருந்தால் அந்த நாளின் வெற்றிடம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வெட்கமே அவரை மறுபடி மேஜைக்கு இழுத்துவரும்.

உத்தியோகத்திலும் அவர் சோடை போகவில்லை. 1852-ல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டி வைக்கச் செய்தவர் அவரே. 33 வருஷம் உழைத்து, 1867-ல் ராஜினாமா செய்தார். 1882 டிசம்பர் 6-ந் தேதி காலமானார்.

மறு வருஷம் அவர் சுயசரிதம் வெளிவந்தது. கடிகாரக் கணக்கு முழுவதையும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இது எழுத்தா, செருப்புத் தைக்கும் தொழிலா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் புகழ் மங்கியது. ஆனால் நாவல்கள் மங்கவில்லை. இன்றும் அச்சாகின்றன, படிக்கப்படுகின்றன.

மனம் வந்தால் எழுதலாம் என்று காத்திருந்தவரை அவருக்கு ஒரு கதையும் வரவில்லை. எழுத உட்கார்ந்த பிறகு மனம் தானாக வந்தது. கதைக்கு மட்டுமா இது? பாதியில் நிற்கும் படிப்புக்கும், ஊருக்கு எழுத வேண்டிய கடிதத்துக்கும் இதே வழிதான். ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, இன்றைக்குக் கொஞ்சம் தொடங்கிப் பாருங்கள்!