கண்ணொளி மங்கியும் கடவுளைப் புகழ்ந்தவர்



யூபிலி என்றதும் நம் உள்ளங்களில் நன்றி பொங்குகிறது. பெற்ற நன்மைகளை எண்ணி இறைவனைப் புகழ்வது முறையே. ஆனால், எல்லாம் இழந்து நிற்கும் வேளையிலும் முழு உள்ளத்தோடு அவரைப் புகழ முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டியவர் புனித பிரான்சிஸ் அசிசியார்.

இத்தாலி நாட்டின் அசிசி நகரில், 1182-ஆம் ஆண்டையொட்டி, துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாட்டும் விருந்துமாய்க் களித்த செல்வ இளைஞர் அவர். 1202-இல் பெருஜியா நகரோடு நடந்த போரில் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு வாடினார். பின்னர் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்தபோது அவர் உள்ளம் மாறியது. 1206-இல் ஆயர் முன்னிலையில் தம் உடைகளையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு, விண்ணகத் தந்தையையே பற்றிக்கொண்டார். 1209-இல் அவரது ஏழ்மை வாழ்வுக்குத் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் இசைவு தந்தார்.

1219-இல் எகிப்து சென்று திரும்பியவரைக் கண்நோய் வாட்டியது. 1224-இல் லாவெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றார். 1225-இல் புனித கிளாராவின் மடத்தருகே, சான் தமியானோவில், ஒரு சிறு குடிலில் நோயுற்றுக் கிடந்தார். பகலொளியைக் கண்கள் தாங்கவில்லை. இரவில் எலிகள் உறங்க விடவில்லை. அந்த இருளில்தான் அவருடைய புகழ்பெற்ற படைப்புகளின் கீதம் பிறந்தது! தம் கண்கள் காணக் கூசிய கதிரவனையே சகோதரன் என அழைத்து, அவனைப் படைத்தவரைப் போற்றினார். நிலவும் நீரும் அவருக்குச் சகோதரிகள்; நெருப்பு சகோதரன். இலத்தீனில் அன்று, எளிய மக்கள் பேசிய மொழியிலேயே அதைப் பாடினார்.

அக்காலத்தில் அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை. ஆயர் அவரைத் திருச்சபையினின்று விலக்கினார். அவரோ ஆயரோடு எவரும் கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடாதெனத் தடுத்தார். இதைக் கேட்டு வருந்திய பிரான்சிஸ், இறையன்புக்காக மன்னிப்போரைப் பற்றித் தம் கீதத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தார். தம் சகோதரர்களை அனுப்பி இருவர் முன்னும் பாடச் செய்தார். நகரத் தலைவர் கண்ணீர் விட்டார், ஆயர் தம் சினத்திற்காக மன்னிப்புக் கேட்டார், இருவரும் தழுவிக்கொண்டனர்.

இறுதியில் சாவையும் சகோதரி எனப் பாட்டில் சேர்த்துக்கொண்டார். 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை, வெறுந்தரையில் கிடந்தபடி இறைவனடி சேர்ந்தார். 1228-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பு மக்களே, நம் யூபிலித் திருப்பலியில் பாடகர் குழு இனிமையாகப் பாடும்; ஆலயம் அதிரும். ஆயினும், ஒரே கோவிலில் முழந்தாளிடும் அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராறால் முகம் பாராதிருந்தால், அந்தப் புகழ்ச்சி முழுமை பெறுமா? அசிசியாரின் பாடல் நாவில் முடியவில்லை. பகைவரின் கைகளை இணைத்தது. இவ்வாண்டு நாமும் பகைத்திருப்பவரின் வீட்டுப்படி ஏறுவோம். அதுவே நாம் ஆண்டவருக்குப் பாடும் உண்மையான யூபிலிக் கீதம்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக!

— உங்கள் பங்குத் தந்தை