மலேயா கணபதி

ஹைதராபாத்தில் தமிழ் பேச ஆள் தேடும் எனக்கு, பத்து வயதில் தஞ்சைச் சீமையை விட்டுச் சிங்கப்பூர் சென்ற கணபதியின் நினைவு அடிக்கடி வரும். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். பின்னர் அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர்.

1948-இல் அவசரநிலை வந்தது, சங்கம் போயிற்று. 1949 மார்ச்சில் பிடிபட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களுமே. சுட்டார் என்பதல்ல குற்றம். வைத்திருந்தாலே தூக்கு என்பது அந்தச் சட்டம்.

தண்டனையைக் குறைக்குமாறு நேரு அரசாங்கம் கேட்டது. இலண்டனில் கிருஷ்ண மேனனும், மலேயாவில் இந்தியப் பிரதிநிதி ஜான் திவியும் எவ்வளவோ முயன்றனர். காமன்வெல்த்தில் நீடிக்க இந்தியா இசைந்தது ஏப்ரல் 28-இல். ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. மே 4-இல் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள்.

அதே சட்டத்தில் மரணதண்டனை பெற்ற சாம்பசிவத்தின் தீர்ப்பை 1950-இல் பிரிவி கவுன்சில் ரத்துசெய்தது. அதை நினைத்தால்தான் என் மனம் ஆறமாட்டேன் என்கிறது.