தோற்றும் கற்றுக்கொடுத்த டாக்டர் சென்

ஓசூர் சிப்காட்டில் டிரெய்னி பையன்களைப் பழக்குவதும் என் வேலை. போன மாதம் நான் செட் பண்ணிய ஃபிக்ஸ்சர் தவறி, ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட். பையன்கள் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரலை. எப்போதோ படித்த டாக்டர் பி.கே. சென் ஞாபகம் வந்தது.

1915-ல் பிறந்த சென், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அறுவைத்துறைப் பேராசிரியர். பயிற்சி டாக்டர்களைக் கூட வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு இதயம் மாற்றிப் பழகினார். கை பழகாமல் மனிதரைத் தொடக்கூடாது அல்லவா?

1967 டிசம்பரில் கேப்டவுனில் டாக்டர் பர்னார்டு முதன்முதலாக மனிதருக்கு மனித இதயத்தைப் பொருத்தினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1968 பிப்ரவரியில் சென் குழு இந்தியாவில் அதைச் செய்தது. நோயாளி சுமார் மூன்று மணி நேரமே உயிரோடிருந்தார். ஊரறியத் தோல்வி! ஆனாலும் அதே ஆண்டு மறுபடி முயன்றார். அதுவும் கைகூடலை. மூளைச்சாவை ஏற்கும் சட்டம் அன்று இல்லை. புது இதயத்தை உடல் தள்ளாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தும் வரவில்லை.

1982-ல் சென் மறைந்தார். 1994-ல் சட்டம் வந்தது. அதே ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு வெற்றி கண்டது. அதைப் பார்க்க சென் இல்லை.

மறுநாள் ரிஜெக்ட் பீஸ்களை மேஜைமேல் பரப்பி, என் தப்பிலிருந்தே பாடம் ஆரம்பித்தேன். தம்பி தங்கைகளே, நீங்களும் நாளை நாலு பேருக்குச் சொல்லித்தருவீர்கள். தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.