கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் டிஸ்சார்ஜ்: குடியை நிறுத்திய பில் வில்சன் பண்டிகை நாட்களைத் தாண்டியது எப்படி?

1934 நவம்பர் 11. முதல் உலகப் போர் முடிந்ததை அமெரிக்கர்கள் கொண்டாடும் நாள். நியூயார்க்கில் 38 வயதான ஒருவர் கோல்ஃப் விளையாடலாம் என்று ஸ்டேட்டன் தீவுக்குக் கிளம்பினார். மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மனைவிக்குக் கொஞ்சம் நிம்மதி வரத் தொடங்கியிருந்த நேரம்.

வழியில் ஒருவர் பழக்கமானார். இருவரும் சாப்பிட ஒரு விடுதிக்குப் போனார்கள். மதுவை ஊற்றிக்கொடுத்தபோது அவர் வேண்டாம் என்றார். தன் உடம்புக்கு மது ஏன் ஆகாது, ஒரு வாய் குடித்தாலும் ஏன் நிறுத்த முடியாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருந்தவருக்குப் பாடம் மாதிரி விளக்கிக்கொண்டும் இருந்தார். அப்போது விடுதிக்காரர் இன்னிக்கு விசேஷம், காசு வேண்டாம் என்று சொல்லி ஒரு கிளாஸை நீட்டினார். அதை வாங்கிக் குடித்தார். மறுநாள் காலை புரூக்ளின் வீட்டு வாசலில், தலையில் காயத்தோடு நினைவில்லாமல் கிடந்தவரை மனைவிதான் கண்டுபிடித்தார்.

அவர் பெயர் பில் வில்சன். பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தியபின் தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரும் நாட்களைத் தாண்டுவது இன்னொரு வேலை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். காலண்டரில் இருக்கும் விசேஷ நாட்களெல்லாம் இவர் கதையில் திருப்புமுனையாக வருகின்றன.

மதுக்கூடத்துக்குப் பின்னால் பிறந்தவர்

1895 நவம்பர் 26 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டோர்செட் என்ற சின்ன ஊரில், பாட்டி நடத்திய ஹோட்டலின் மதுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பிறந்தார் பில். சிறு வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 1912-ல், பள்ளியில் படிக்கும்போது காதலித்த பெண் திடீரென்று இறந்துபோனாள். நீண்ட மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. அது பிற்காலத்திலும் விட்டு விட்டு வந்தது.

21 வயது வரை அவர் குடித்ததே இல்லை. 1917-ல் ராணுவ அதிகாரியாக நியூ பெட்ஃபோர்டில் இருந்தபோது ஒரு பணக்கார வீட்டு விருந்துக்குப் போனார். கிராமத்துப் பையனுக்கு அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கையில் ஒரு காக்டெயில் வந்ததும் கூச்சம் போய்விட்டது. குடிக்கு அடிமையான பலரும் சொல்லும் முதல் நாள் அனுபவம் ஏறக்குறைய இதுதான்.

அடுத்த வருடம் லோயிஸ் பர்ன்ஹாமைத் திருமணம் செய்தார். வால் ஸ்ட்ரீட்டில் நல்ல வேலை கிடைத்தது. மனைவியை சைட்காரில் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கம்பெனிகளை நேரில் பார்த்துப் பங்குகளை மதிப்பிட்டார். அந்தக் காலத்தில் அது புது யோசனை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. பில் மோசமாகக் குடித்தது பெரும்பாலும் அந்த வருடங்களில்தான். 1929-ல் பங்குச் சந்தை சரிந்ததும் வேலையும் போனது, காசும் போனது. லோயிஸ் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை செய்து வீட்டை ஓட்டினார். இருந்ததும் மாமனார் வீட்டில்தான்.

மருத்துவமனை செய்ததும் செய்யாததும்

மன்ஹாட்டனில் டவுன்ஸ் மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. குடிப்பவர்களை உள்ளே வைத்து உடம்பிலிருந்து மதுவை வடியவைக்கும் இடம். 1933, 1934-ல் பில் அங்கே 4 முறை சேர்ந்தார். செலவை ஏற்றவர் டாக்டரான அவர் தங்கை கணவர். அங்கிருந்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், குடிநோயை ஒழுக்கக்கேடாகப் பார்க்கவில்லை. உடம்பில் ஒருவித ஒவ்வாமை, மனதில் விடாத பிடிப்பு, இரண்டும் சேர்ந்த நோய் என்று விளக்கினார். அந்த ஒவ்வாமைக் கோட்பாடு இன்றைய மருத்துவத்தில் அப்படியே நிற்கவில்லை. ஆனால் இது நோய் என்று ஒரு டாக்டர் சொன்னதே பில்லுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

விளக்கம் மட்டும் போதாது என்பதைத்தான் நவம்பர் 11 காட்டியது. அந்த விடுதியில் அவர் தெரியாமல் குடிக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் குடித்தார்.

அந்த மாதக் கடைசியில் எபி தாச்சர் என்ற பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். இவரும் மொடாக்குடியர்தான், ஆனால் அன்று குடிக்காமல் வந்திருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்து மீண்டதாகச் சொன்னார். டிசம்பர் 11 அன்று, வழியில் வாங்கிய பீர் பாட்டிலோடு டவுன்ஸ் மருத்துவமனைக்குள் நுழைந்தார் பில். அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. உள்ளே இருந்தபோது அறை முழுக்க வெளிச்சம் நிறைந்ததுபோல ஓர் ஆன்மிக அனுபவம் கிடைத்ததாக வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அங்கே கொடுத்த பெல்லடோனா மருந்து மனத்தோற்றங்களை உண்டாக்கக்கூடியது, அதன் விளைவாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் டிஸ்சார்ஜ் ஆன தேதியைப் பாருங்கள்: டிசம்பர் 18. கிறிஸ்துமஸுக்கு சரியாக ஒரு வாரம்.

இன்று இப்படி ஒருவர் வெளியே வந்தால், டாக்டர்கள் பகல் சிகிச்சை என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைக்க வாய்ப்பு அதிகம். இரவு வீட்டில், பகலில் சிகிச்சை மையத்தில். அமெரிக்க நடைமுறையில் தீவிரத்தைப் பொறுத்து வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் அல்லது 20 மணி நேரம் என்று இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். குழுவாக உட்கார்ந்து பேசுவது, தனி ஆலோசனை, குடும்பத்தோடு ஓர் அமர்வு, தேவைப்பட்டால் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்து எல்லாம் அதில் அடங்கும். விடுமுறைக் காலத்தில் இது ஏன் முக்கியம்? ஆபீஸ் லீவு, நாள் முழுக்க வெறுமை, சொந்தக்காரர்கள் கூட்டம், பழைய சண்டை, கையில் போனஸ், ஒரே ஒரு ரவுண்டுதானே என்று கேட்கும் நண்பன், இத்தனையும் ஒரே வாரத்தில் வந்து சேரும். மையத்தில் அன்றன்றைக்கு நடப்பதைப் பேசி, மறுநாள் விருந்துக்குப் போகலாமா, போனால் எப்போது கிளம்புவது, யாருக்கு போன் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள்.

வட அமெரிக்காவில் பகல் மருத்துவமனை என்ற ஒன்று வந்ததே 1946-ல், மான்ட்ரியலில். 1934-ல் பில்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவரே ஒன்றைக் கட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பகலில் கால்வரி தேவாலயம் நடத்திய இல்லத்துக்குப் போய்த் தெருவில் கிடந்த குடியர்களோடு உட்கார்ந்தார். டவுன்ஸ் மருத்துவமனைக்கே திரும்பிப் போய், சில்க்வொர்த்தின் அனுமதியோடு புதிய நோயாளிகளிடம் பேசினார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் கூட்டங்களுக்குப் போனார். சிலரை வீட்டுக்கே அழைத்துவந்து தங்கவைத்தார். அதன் பாரம் லோயிஸ் தலையில்தான் விழுந்தது.

சுமார் 5 மாதம் இப்படி ஓடியது. ஒருவர்கூடத் திருந்தவில்லை. வெறுத்துப்போன பில்லுக்கு லோயிஸ் நினைவுபடுத்தியது ஒன்றே ஒன்று: நீங்கள் குடிக்கவில்லையே!

அன்னையர் தின வார இறுதி

1935 மே மாதம் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்கும் போட்டிக்காக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார் பில். போட்டியில் தோல்வி. கூட வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. மறுநாள் அன்னையர் தினம். பாக்கெட்டில் சுமார் 10 டாலர். மேஃப்ளவர் ஹோட்டல் வரவேற்புக் கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும்.

அவர் போன் பக்கம் போனார். ஒரு பாதிரியாரிடம் பேசி, அவர் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியைப் பிடித்தார். தனக்கு வேண்டியது உதவி செய்யும் ஆள் இல்லை, தன்னைப் போலவே குடியில் மாட்டிக்கொண்ட இன்னொருவர் என்பதுதான் அவர் கேட்ட விசித்திரமான உதவி. ஹென்ரியெட்டாவுக்கு அப்படி ஒருவரைத் தெரியும்: அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித். ஆனால் அன்று வர வழியில்லை. அன்னையர் தினத்துக்காக மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தவர், வந்த வேகத்தில் போதையில் சுருண்டுவிட்டார்.

மறுநாள் மாலை 5 மணிக்கு வந்தார். 15 நிமிடம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு 11 மணிக்குமேல்தான் எழுந்தார். பில் உபதேசம் செய்யவில்லை. சில்க்வொர்த் முன்பே சொல்லியிருந்தபடி, நோயைப் பற்றியும் தன் கதையையும் மட்டும் பேசினார். பாப் ஒருமுறை சறுக்கினார். பிறகு நிறுத்தினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் குறிக்கப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்தக் கோடையில் பில் பாப் வீட்டிலேயே தங்கினார். காலையில் எல்லோரும் சேர்ந்து ஜெபம், வாசிப்பு. பகலில் சிட்டி மருத்துவமனைக்குப் போய்ப் புதிய நோயாளிகளைப் பார்ப்பது. மாலையில் கூட்டம். இப்படி மூன்றாவதாகக் கிடைத்தவர் பில் டாட்சன் என்ற வழக்கறிஞர். அவர் மருத்துவமனையிலிருந்து குடிக்காத மனிதராக வெளியே வந்தது ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம்.

1939-ல் வந்த இயக்கத்தின் நூலில் விருந்துகளைப் பற்றியும் பில் எழுதினார். மது இருக்கும் இடத்துக்கெல்லாம் போகவே கூடாது என்று அவர் விதி போடவில்லை. அங்கே போக உண்மையான காரணம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னார். மனம் உறுதியாக இல்லாத நாளில், அதற்குப் பதிலாக இன்னொரு குடியரைப் பார்க்கப் போகச் சொன்னார். கிறிஸ்துமஸ், புத்தாண்டில் பல ஊர்களில் ஏஏ குழுக்கள் தொடர்ந்து இரவும் பகலும் கூட்டம் நடத்துவது இந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான்.

இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. கடவுள் பேச்சு பிடிக்காமல் விலகியவர்கள் நிறைய. ஆனால் 2020-ல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, குடியை முழுமையாக விட்டிருப்பதில் ஏஏ வழியும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருவதாகச் சொன்னது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தினமும் அதிகம் குடிப்பவர் பண்டிகைக்கு முன்னால் நிறுத்துகிறேன் என்று டாக்டரிடம் போகாமல் திடீரென்று விட்டால் வலிப்பு, மனக்குழப்பம், சில சமயம் உயிராபத்தும் வரலாம். பில் முதலில் போனதும் மருத்துவமனைக்குத்தான்.

பின்னாட்களில் அவர் புனிதர் ஆகிவிடவில்லை. 1940-களில் மனச்சோர்வு அவரை ஆண்டுக்கணக்கில் முடக்கியது. சிகரெட்டை விட முடியாமல் நுரையீரல் கெட்டது. கடைசி மாதங்களில் ஆக்சிஜனோடு படுக்கையில் கிடந்தார். 1970 கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை, குடியை விட்டு 36 ஆண்டுகள் கழித்து, விஸ்கி கேட்டார் என்று கவனித்துக்கொண்ட நர்ஸின் குறிப்பு சொல்கிறது. அடுத்த சில வாரங்களிலும் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. 1971 ஜனவரி 24 அன்று மயாமியில் இறந்தார். அன்று அவருக்கும் லோயிஸுக்கும் 53-வது திருமண நாள்.